பரிசோதனைக்கு அனுப்பாத கை

பணிநேரத்தில் ஓர் ஊழியர் மது அருந்தியிருப்பதாக மேலதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், அவரைத் தாமதமில்லாமல் அரசு மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற வேண்டும். நடை தள்ளாடியது, கை நடுங்கியது, கண் சிவந்திருந்தது என்று மேலதிகாரி தானாகக் கண்டதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது. விதியின் சாரம் இவ்வளவுதான். அதை இளையவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். வகுப்பில் யாராவது, “சார், ஆள் நிக்கவே முடியாம ஆடிட்டு இருந்தாக்கூடவா?” என்று கேட்பார்கள். “பூகம்பமே வந்தாலும் சான்று வேண்டும்” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த விதியை நான் உண்மையில் பயன்படுத்த வேண்டிய வேளை என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை வந்தது. பயன்படுத்தவில்லை.

நான் வட்டாட்சியராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது போத்தனூரில் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற தாசில்தாரின் அன்றாட வேலை, எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வதும், அவர்கள் அதைக் காதில் வாங்காமல் வேறு வழியில் காரியத்தை முடித்துக்கொண்டு வருவதைப் பார்ப்பதும்தான். இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

மடியில் சும்மா கிடக்கும்போது அது நல்ல கை. எதையாவது செய்யச் சொன்னால்தான் கோளாறு. டம்ளரை எடுத்தால், சட்டைப் பித்தானைப் போட்டால், பேனாவைக் காகிதத்தில் வைத்தால் நடுங்கும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் இன்னும் வேகமாக நடுங்கும். எனவே மறைக்கக் கற்றுக்கொண்டேன். காபியை ஆறவிட்டு, எல்லோரும் எழுந்து போனபின் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். வங்கியில், “கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க, நீங்களே எழுதிருங்க” என்று படிவத்தைத் தள்ளினேன். கண்ணாடி சட்டைப்பையில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் எழுதிக் கொடுத்தாள்.

ஒரு நாள் சூலூரில் சகலையின் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். பந்தியில் பாயசக் கிண்ணத்தை எடுத்தேன். உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கை தன் வேலையைக் காட்டியது. பாதிப் பாயசம் வேட்டியில் விழுந்தது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சகலையின் மருமகன், பத்துத் தறி வைத்திருப்பவர், சத்தமாகக் கேட்டார்: “என்னங்க பெரிய மாமா, இன்னிக்கு நேரத்துலயே ஆரம்பிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது?”

“தாசில்தாருங்க அவரு. பாட்டலு ஊடு தேடி வந்த காலமுங்க அது. பழக்கம் உடுமா?” என்றார் பக்கத்து இலைக்காரர்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூட நான் தொட்டதில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் மனைவி கேட்டாள், “குடிக்கற பழக்கமே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?”

“சொன்னா நம்புவாங்களா?”

“ஏனுங்க, சொல்லிப் பாத்தாத்தானே தெரியும்?”

மறு வாரம் அவளே கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

மருத்துவர் என் மகள் வயதுள்ள பெண். கையை நீட்டச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு காகிதக் கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், மேசை நனைந்தது. பிறகு நத்தை ஓடுபோல் சுற்றிச் சுற்றிப் போகும் இரட்டைக் கோடு அச்சிட்ட ஒரு தாளைத் தந்தார்.

“இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவால, அதைத் தொடாம, உள்ள இருந்து வெளிய வரைஞ்சுட்டே வாங்க சார். அவசரமே இல்லைங்க.”

வரைந்தேன். கோடு இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வந்தது. தாறுமாறான கிறுக்கலாக இருந்திருந்தால் நான் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் அந்த நடுக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. சின்ன ரம்பத்தின் பற்கள்போல் சீரான இடைவெளியில், ஒரே அளவில், சுற்று முழுக்க இருந்தது. இந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று தெரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“குடும்பத்துல யாருக்காச்சும் கை நடுக்கம் இருந்துச்சுங்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

“இல்லைங்க” என்றேன். அது அலுவலகப் பழக்கதோஷம். கேட்டதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஃபைலைப் பார்ப்பது.

“மாமனாருக்கு இருந்துச்சுங்களே டாக்டர்” என்றாள் மனைவி. “நான் கண்ணாலம் ஆகி வந்தப்பவே அவருக்கு டம்ளர்ல பாதிதான் ஊத்துவோம். ரொம்பினா சிந்திப்போடுமுங்க.”

உண்மைதான். என் அப்பாவின் கை நடுங்கும். ஊரில் வரப்புத் தகராறு என்றால் அவரிடம்தான் வருவார்கள். நடுங்கும் விரலை நீட்டி, “அந்தக் கல்லுல இருந்து இந்தப் பக்கம் அவனோடது” என்று அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. பெரியவருக்கு நரம்புத் தளர்ச்சி என்று மரியாதையாகச் சொல்வார்கள். அந்தக் கையைப் பார்த்து யாரும் வேறு எதையும் நினைத்ததில்லை. எங்களுக்கு முப்பது ஏக்கர் தோட்டம் இருந்தது.

“குடிச்சா நடுக்கம் குறையுதுங்களா?” என்பது மருத்துவரின் அடுத்த கேள்வி.

“நான் குடிக்கறதில்லைங்க” என்றேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“சரிங்க சார். இந்த நடுக்கம் சில பேருக்குக் குடிச்சாக் கொஞ்சம் அடங்கும். அதுக்காக எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். வேற ஒண்ணும் இல்லைங்க.”

கேட்டார், நான் சொன்னேன், எழுதிக்கொண்டார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நான் ஒருவருக்குக் கொடுக்கவில்லை.

எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே நில அளவைப் பிரிவில் ஒரு வரைவாளர் இருந்தார். புலப்படம் வரைவது அவர் வேலை. ஒவ்வொரு நிலத்தின் எல்லையும் அளவும் கொண்ட படம் அது. அவருடைய அப்பாவும் அம்மாவும் என் அப்பாவைப் போன்றவர்களின் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் அரசு வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆனால் யார் எங்கிருந்து வந்தவர் என்பது எங்கள் அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரியும்.

மாவட்டத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். ஒரு புலப்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நேர்க்கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டவை, சரியாக இருந்தன. அளவுகளும் சரி. ஆனால் நிலத்தின் ஓரமாகப் போன ஓடையைக் கையால்தான் வரைய வேண்டும். அதன் இரண்டு கரையும் ரம்பம்போல் நடுங்கியிருந்தன.

“என்ன தாசில்தார், உங்க ஊர் ஓடைக்குக் குளிர் ஜுரமா?” என்றார் மேலதிகாரி.

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் வரைவாளரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றார். கையில் இருந்த படச்சுருள் நடுங்கிச் சரசரத்தது. பன்னிரண்டு பேர் இருந்த கூடத்தில் நான் சொன்னேன்: “காலையிலயே போட்டுட்டு வந்தா கோடு எப்படிய்யா நேரா வரும்?”

அவர் மீது வாசனை வந்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை. வரவில்லை. நான் அவருக்கு இரண்டு அடி தூரத்தில் நின்றிருந்தேன்.

மேலதிகாரி போனபின் சும்மா விட்டிருந்தால், கோபத்தில் சொன்ன வார்த்தையாக அது கரைந்திருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னது சரியென்று ஆக வேண்டுமானால் எழுதியாக வேண்டும். அன்று மாலையே மெமோ கொடுத்தேன். மறுநாள் காலை அவருடைய விளக்கம் என் மேசையில் இருந்தது. நான்கே வரிகள். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கை நடுங்கும். என் தாயாருக்கும் அப்படித்தான். நான் மது அருந்துவதில்லை. என்னை இன்றே அரசு மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

விதியை அவரே எடுத்துக் கையில் கொடுத்திருந்தார். எழுத்துகள் நடுங்கியிருந்தன. அந்த நடுக்கத்தையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் பச்சை மையில், ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று எழுதினேன். என் எழுத்து அப்போது நன்றாக இருக்கும். அதற்காகவே என்னிடம் வாழ்த்து மடல் எழுதச் சொல்லிக் கேட்பார்கள்.

அவருக்குக் கண்டனம் பதிவாயிற்று. படம் வரையும் மேசையிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டேன். பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அந்த வரி இருந்தவரை அவர் முதுநிலை வரைவாளர் ஆக முடியாது. ஆகவும் இல்லை. எனக்கு அடுத்த ஆண்டு மாறுதல் வந்தது. அதற்குப் பிறகு அவரை நான் நினைத்ததாக ஞாபகம் இல்லை. இதைத்தான் எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. வருத்தப்பட்டேன், தூக்கம் கெட்டது என்றெல்லாம் எழுதினால் வாசிப்பவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நான் நன்றாகத் தூங்கினேன்.

மருத்துவரின் அறைக்குத் திரும்புகிறேன். இந்த நடுக்கத்துக்கு இரண்டு வகை மாத்திரைகள் இருந்தன. ஒன்று ஆஸ்துமாக்காரனான எனக்கு ஆகாது. இன்னொன்றைச் சாப்பிட்டுப் பத்து நாள் பகலெல்லாம் தூங்கி விழுந்தேன். மூளையில் கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டு என்றார், பேச்சை மாற்றினேன். கடைசியில் மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டையைக் காட்டினார். தோலின் வழியாக லேசான மின்சாரம் செலுத்தி நரம்பைத் தூண்டும் கருவி.

“இது குணமாக்காதுங்க சார். அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். நாப்பது நிமிஷம் கட்டிட்டு இருந்தா, கழட்டினதுக்கப்புறம் செத்த நேரத்துக்கு நடுக்கம் அடங்கும். சில பேருக்கு நல்லாக் கேக்குது. சில பேருக்கு ஒண்ணுமே ஆகறதில்லை.”

“எப்படி அடங்குதுங்க?”

“கையில ஓடற ரெண்டு நரம்பை மாத்தி மாத்தித் தூண்டுது. அந்தச் செய்தி மூளைக்குப் போய், அங்க நடுக்கத்துக்குத் தாளம் போடற இடத்தைக் கலைச்சு உடுது. அப்படித்தான் நினைக்கறாங்க. முழுசா யாருக்கும் தெரியாதுங்க.”

பட்டையைக் கட்டியதும் அது உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதுபோல் கையைப் பிடிக்கச் சொன்னார்கள். என் நடுக்கம் எத்தனை வேகம் என்று கருவி முதலில் அளந்தது. ஒரு முறை போதாது என்று மறுபடியும் அளந்தது. அதன்பிறகுதான் எனக்கென்று ஒரு தாளத்தை அமைத்துக்கொண்டு மின்சாரத்தை விட்டது. ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்த அந்தக் கைப்பட்டை, விசாரிக்காமல் நடவடிக்கை எடுப்பதில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் புறங்கைக்கும் மாறி மாறிக் குறுகுறுத்தது. வலி இல்லை. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அந்த நத்தைக் கோட்டைத் தந்தார்கள். சுத்தமான கோடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரம்பம் மழுங்கியிருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவர் சந்தோஷப்பட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தாளை நான் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தினமும் இரண்டு வேளை கட்டினேன். கழற்றியபின் ஒரு மணி நேரம்போல் கை சொன்னபடி கேட்கும். அந்த ஒரு மணி நேரத்தில் சவரம் செய்வேன், காசோலையில் கையெழுத்துப் போடுவேன், ஒரு கையால் காபி குடிப்பேன். அந்த நேரத்தில்தான் யோசனையும் வந்தது. பதிவேட்டில் ஏறிய அந்த வரியை நீக்க முடியாதா?

முடியும். வழிமுறை எனக்குத் தெரியாததா? பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டும். நடவடிக்கை எடுத்த அதிகாரி தவறை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தை அதனுடன் இணைக்கலாம். நான் உட்கார்ந்து அவருக்கான விண்ணப்பத்தையே தயார் செய்தேன். ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’ என்று தொடங்கி, ‘ஐயா அவர்கள் கருணையுடன் பரிசீலித்து’ என்று முடியும் ஒன்றரைப் பக்கம். தட்டச்சு செய்யச் சொல்லி, கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டால் போதும். எவ்வளவு உபகாரம் செய்கிறேன் என்று ஒரு நிம்மதிகூட எனக்கு வந்தது.

பழைய அலுவலக உதவியாளர் ஒருவரிடம் கேட்டு, வரைவாளர் தாராபுரத்தில் இருப்பதைத் தெரிந்துகொண்டேன். சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். ஏறும்போதே பட்டையைக் கட்டிக்கொண்டேன். பல்லடத்துக்குள் நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது. கணக்குத் தப்பியதால் தாராபுரத்தில் இறங்கும்போது கை பழையபடி ஆகிவிட்டது.

அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் நடுங்காமல் இருக்க அதை முழங்காலில் விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க சார். உள்ள வாங்க. அம்மணி, சார் வந்திருக்காங்க, டீ வெய்யி.”

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை அடையாளம் காண அவருக்கு ஒரு நொடி தாமதமில்லை. நான்தான் தெருவில் இரண்டு முறை அவரை யாரென்று தெரியாமல் கடந்துபோயிருந்தேன்.

மகள் டீ கொண்டுவந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பள்ளியில் ஆசிரியை என்று அவர் சொன்னார். அப்பாவுக்கு அரை டம்ளர், எனக்கு முழு டம்ளர். நான் எடுத்தேன். டம்ளர் தட்டில் மோதித் தடதடத்தது. அவர் அதைப் பார்த்தார். பார்வையை வேறு பக்கம் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“சாருக்கும் வந்துருச்சுங்களா?”

“ஆமாங்க.”

“அம்மணி, சார் டம்ளர்லயும் பாதி எடுத்துரு.”

அந்தப் பெண் என் டம்ளரை வாங்கிப் பாதியை வேறொன்றில் ஊற்றிவிட்டுத் திருப்பித் தந்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பை மடியில் இருந்தது. விண்ணப்பம் பையில் இருந்தது. ஆனால் மகள் அங்கேயே நின்றாள். அவள் எதிரில் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பன்னிரண்டு பேர் எதிரில் அவரைச் சொல்ல எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

“இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேனுங்க. அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு” என்றேன்.

பிறகு வாய் ஓயாமல் கைப்பட்டையைப் பற்றிப் பேசினேன். பட்டையைக் கழற்றிக் காட்டினேன். இரண்டு நரம்பு, மாறி மாறித் தூண்டுவது, நாற்பது நிமிடம், எல்லாம் சொன்னேன். விற்க வந்த ஆள்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டான்.

“இதைக் கட்டினா எங்கப்பாவுக்கும் சரியாகுங்களா சார்?” என்று மகள் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொன்னார். “எனக்கு என்னத்துக்கு அம்மணி? இனி நானென்ன கோடா போடப்போறேன்?”

குரலில் காரம் இல்லை. அவர் அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். நான் விடைபெற்றேன். தெருமுனை வரை வந்து, பஸ் நிலையத்துக்குக் குறுக்கு வழி காட்டிவிட்டுப் போனார். பை திறக்கப்படாமலே போத்தனூர் திரும்பியது.

அதன் பிறகு கடிதம் எழுதினேன். தட்டச்சு வேண்டாம், கையால் எழுதுவது என்று முடிவு செய்தேன். காலையில் நாற்பது நிமிடம் கருவியைக் கட்டி, கழற்றியதும் உட்கார்ந்தேன். முதல் பிரதியை மனைவி எடுத்துப் படித்தாள்.

“ஏனுங்க, மன்னிப்புக் கேக்கறதுக்குமா ஆபீசு கடுதாசியாட்ட ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போடுவாங்க?”

கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் அவற்றை எடுத்துவிட்டு நடந்ததை மட்டும் எழுதினேன். உங்கள் மேல் வாசனை வரவில்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். நீங்கள் பரிசோதனை கேட்டீர்கள், நான் அனுப்பவில்லை. என் அப்பாவுக்கும் இதே நடுக்கம் இருந்தது, அதனால் எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்கு வந்ததும் இதைச் சொல்லத்தான், தைரியம் வரவில்லை. மூன்று நாள் ஆயிற்று, மூன்று காலையின் நல்ல நேரம். கடைசி வரிகளில் கருவியின் வேலை தீர்ந்து எழுத்து நடுங்கியது. அதை அப்படியே விட்டேன். உறையில் அந்த விண்ணப்பத்தையும் வைத்தேன்.

“அது என்னத்துக்குங்க?” என்றாள் மனைவி.

“அது இல்லாம கோப்பைத் திறக்க மாட்டாங்க. நடைமுறை.”

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கடிதம் போனது புரட்டாசியில். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டு, அதற்கும் வராவிட்டால் இரண்டாம் நினைவூட்டு என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டவன் நான். இதற்கு நினைவூட்டு அனுப்பக் கை வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வெளி வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன். பொங்கலும் போயிற்று. படித்துவிட்டுக் கிழித்திருப்பார் என்று ஒரு நாள் நினைப்பேன். படித்திருக்கவே மாட்டார் என்று இன்னொரு நாள். பதில் வரவே வேண்டாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கொஞ்சம் லேசாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதில் வந்தபோது உறைக்குள் இரண்டு இருந்தன. ஒன்று என் விண்ணப்பம். கையெழுத்து இல்லை, நான் போட்ட பென்சில் குறி சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தது. இன்னொன்று அவர் கைப்படக் கோடு போட்ட தாளில் எழுதிய கடிதம். ஒவ்வொரு எழுத்தும் நடுங்கியிருந்தது. ஒன்றுகூடத் தெளிவில்லாமல் இல்லை.

‘ஐயா, கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என்னைப் பணிந்து கருணை கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு முறை பணிந்து கேட்டாயிற்று. தவறு எழுதியவர் நீங்கள். திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியவரும் நீங்கள்தான். அவர்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

‘வேறொன்று கேட்கிறேன். அன்று கூடத்தில் நீங்கள் சொன்னது மாலைக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவளைக் குடிகாரன் பெண் என்றார்கள். அவள் என்னிடம் ஒருபோதும் அது உண்மையா என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நான் சொன்னால் அவள் நம்ப வேண்டும் என்று இல்லை அல்லவா? நீங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் டீ கொடுத்தாளே, நீங்கள் யார் என்று தெரிந்துதான் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் இருப்பாள். கடிதத்தில் எழுதியதை நீங்கள் வந்து அவளிடம் வாயால் சொல்ல வேண்டும். கருவியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.’

கீழே கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, தபால் பிரிவில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல், அனுப்பிய தேதியும் இருந்தது. பெறப்பட்ட தேதியை நான் எழுத வேண்டும். அன்று பட்டையை இன்னும் கட்டியிருக்கவில்லை. நடுங்கும் கையாலேயே எழுதினேன்: பங்குனி மூன்று, செவ்வாய்க்கிழமை.